என் வீட்டுக்காரரின் நாடித் துடிப்பு

எங்கள் பிளாக்கில் எந்தக் குக்கரும் விசில் அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான்தான். ஆவடிப் பக்கம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் ஒரு பிளாக்குக்கு எட்டு வீடு. எட்டு வீட்டுப் பெண்களும் ஏறக்குறைய இரண்டு வருஷம் என் பேச்சைக் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் டியூட்டி முடிந்து வந்துவிட்டால் பருப்பை வெறும் சட்டியில் வேக வைப்பார்கள். சாதம் வடிப்பார்கள். எதிர் வீட்டு அக்காவுக்கு மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பு. "கொண்டைக்கடலைய சட்டியில வேக வெச்சா தீபாவளிக்குத்தான் வேகும்" என்பார். ஆனாலும் செய்தார்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தால் என் வீட்டுக்காரரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தேன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுபவர். ஷாப் என்று நாங்கள் சொல்லும் பட்டறைக் கொட்டகையின் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் பெரிய கிரேன். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து, கீழே நிற்பவரின் கையைப் பார்த்து இரும்பைத் தூக்கி இறக்க வேண்டும். கீழே சங்கிலி மாட்டிக் கைகாட்டும் வேலை அவருடைய நண்பருக்கு. பன்னிரண்டு வருஷம் இவர் மேலே, அவர் கீழே. பண்டிகைக்குத் துணி எடுப்பதுகூட இரண்டு பேரும் சேர்ந்துதான். எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், காலை டீ நேரத்துக்குச் சற்று முன், தூக்கிய பாரத்தோடு சங்கிலி அறுந்தது. நண்பர் அந்த இடத்திலேயே போய்விட்டார்.

விசாரணை நடந்தது. சங்கிலியின் ஒரு வளையத்தில் பழைய விரிசல் இருந்தது, கிரேன் ஓட்டியவர் மேல் குற்றமில்லை என்று எழுதி முடித்தார்கள். அந்தக் காகிதத்தை இவர் ஒரு தரம்கூடப் பிரித்துப் படிக்கவில்லை. பீரோவில் ஞானஸ்நானச் சான்றிதழ்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

கிரேனிலிருந்து இறக்கி அவரை ஸ்டோரில் சீட்டு எழுதும் வேலைக்குப் போட்டார்கள். நாலைந்து மாதத்தில் மறந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் ஒரு கதவு காற்றில் அடித்துச் சாத்தினால் போதும், உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிடுவார். முகம் வெளுத்துவிடும். நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். சட்டைக்கு மேலேயே துடிப்பது தெரியும். ஒரு நிமிஷத்துச் சத்தத்துக்கு முக்கால் மணி நேரம் அந்த இதயம் ஓடிக்கொண்டே இருக்கும்.

குவார்ட்டர்ஸில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. "கேஸ்தான்" என்று மாடி வீட்டில் சொன்னார்கள். பூண்டைப் பாலில் வேக வைத்துக் கொடுக்கச் சொன்னது ஒரு வீடு, வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு என்றது இன்னொரு வீடு. நாங்கள் வேதக்காரர்கள். நான் பூந்தமல்லிப் பக்கத்து மாதா கோயில் ஒன்றில் ஒன்பது சனிக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றினேன். எதிர் வீட்டு அக்கா தன் பங்குக்கு ஒரு கயிறு மந்திரித்துக் கொண்டுவந்து, "உங்க சாமி கோச்சுக்காதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே கட்டிவிட்டார். பூண்டு, இஞ்சி, மாதா, கயிறு எல்லாம் சேர்ந்தும் அந்த நெஞ்சு அடங்கவில்லை.

தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் இரண்டாம் தரமும் பார்த்தார். நூற்று எழுபதுக்கு மேல். என் வீட்டுக்காரருக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இதய டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார், மாத்திரை கொடுத்தார், இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுத்தார். மாத்திரையை ஒரு வேளை விடாமல் கொடுத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இதயத்துல அடைப்பு எதுவும் இல்லம்மா. ஆனா சும்மா உக்காந்திருக்கும்போதே நூத்தி நாலு அடிக்குது. அழுத்தமும் இறங்க மாட்டேங்குது. இப்படியே நாலஞ்சு வருஷம் ஓடினா நல்ல இதயமும் தேஞ்சு போயிடும். அப்ப என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

ரயிலேறி வரும் வழியெல்லாம் நாலஞ்சு வருஷம், நாலஞ்சு வருஷம் என்றே ஓடிக்கொண்டிருந்தது. என் பெண்களில் மூத்தவள் அப்போது ஆறாவது படித்தாள். நாலைந்து வருஷத்தில் அவள் எந்த வகுப்பில் இருப்பாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்குத்தான் என் சட்டங்களை இறுக்கினேன். பெண்கள் வீட்டுக்குள் குதிகால் ஊன்றாமல் நடக்க வேண்டும். கதவிடுக்குகளில் துணி மடித்து வைத்தேன். தொழிற்சாலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்பு ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவேன். முக்கியமான சட்டம், அந்த விபத்தைப் பற்றியோ நண்பரைப் பற்றியோ எங்கள் வீட்டு வாசலில் ஒரு சொல் யாரும் பேசக் கூடாது. அவருடைய பழைய ஷாப் ஆட்கள் பார்க்க வந்தால் வெளியிலேயே நிறுத்தி, "வெறும் மழை, கிரிக்கெட் மட்டும் பேசுங்க" என்று சொல்லித்தான் உள்ளே விடுவேன். வெள்ளானூரிலிருந்து ஒருவர் அடிக்கடி வருவார். அவரும் அதே கிரேனுக்குக் கீழே சங்கிலி மாட்டியவர், விபத்து நடந்தபோது பக்கத்தில் நின்றவர். பாவம், மழையைப் பற்றி எத்தனை நேரம் பேச முடியும்? காபியைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நாளில் அவரும் வருவதை நிறுத்திவிட்டார். நல்லது என்றே நினைத்தேன்.

நர்ஸிடம் நாடி பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பெருவிரலால் பிடிக்கக் கூடாது, நடு மூன்று விரலால் பிடிக்க வேண்டும். முழு நிமிஷம் எண்ண வேண்டும். காலை, மாலை எண்ணி ஒரு நோட்டில் எழுதினேன். நூற்றிரண்டு, நூற்றாறு, தொண்ணூற்றெட்டு, நூற்றெட்டு. எண்கள் அப்படியேதான் இருந்தன. நோட்டுத்தான் தீர்ந்தது.

தொண்ணூறுகள் பிறந்த பிறகு ஒரு தரம் போனபோது, இதய டாக்டர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வேற இடத்துல சாவி இருக்கும்னு தோணுது" என்று சொல்லி அதே ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நெஞ்சு வலிக்கிறது என்று வந்தால் பைத்தியக்கார டாக்டரிடம் அனுப்புகிறார்களே என்று வராந்தாவில் நின்று சத்தம் போட்டேன். என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து, "ஒரு தடவ போய்ப் பாத்துடலாம். எனக்கு அலுத்துப் போச்சு" என்றார். அலுத்துப் போச்சு என்று அவர் சொன்ன விதத்தைக் கேட்டு, அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மனநல டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். முதல் நாள் அரை மணி நேரம் என் வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு, என்னைக் கூப்பிட்டு, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். நான் விடுவேனா? குக்கர், கதவிடுக்குத் துணி, ரேடியோ, மழையும் கிரிக்கெட்டும், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பரிசு கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க அவர் மேல எவ்வளவு பிரியமா இருக்கீங்கன்னு தெரியுது. ஆனா ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. ஆபத்து வந்தா இதயம் வேகமா அடிக்கணும். அது அதோட வேலை. ஆபத்து போனதும் இறங்கணும். இவரோட இதயத்துக்கு, ஆபத்து முடிஞ்சு போச்சுங்கிற சேதி இன்னும் போய்ச் சேரல. நீங்க ஒவ்வொரு சத்தத்தையும் ஓடிப்போய்த் தடுக்கறப்ப, ஆபத்து இன்னும் வெளியில நிக்குதுன்னு நீங்களே சேதி அனுப்பறீங்க."

கோபப்படாதீங்க என்று சொன்னால் எனக்குக் கோபம் வராமல் போய்விடுமா? எழுந்து வெளியே வந்துவிட்டேன். ரயிலில் பெரம்பூரில் தொடங்கி அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். புத்தகம் படித்தவளுக்குக் குடும்பம் நடத்தத் தெரியுமா, ஒரு நாள் எங்கள் வீட்டில் வந்து இருந்து பார்க்கட்டும், இப்படி. கொரட்டூர் ஏரி ஜன்னலில் தெரிந்தபோது எனக்குத் திட்டுத் தீர்ந்துவிட்டது. அப்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "அந்தம்மா சொல்றது சரியாத்தான் இருக்கும்போல. நீ கதவுல துணி வைக்கறத பாக்கறப்பல்லாம் எனக்கு நெஞ்சு திக்குங்குது. ஏதோ வரப்போகுதுன்னு."

அம்பத்தூர் வந்தது, போனது. எனக்கு அழுகையாக வந்தது.

வாரம் ஒரு நாள் சிகிச்சை. அவர் கண்ணை மூடிக்கொண்டு அன்றைக்கு நடந்ததை, இப்போது நடக்கிற மாதிரி, முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும். சொல்லி முடித்தால் மறுபடி முதலிலிருந்து. அதை டேப்பில் பதிவு செய்து கொடுப்பார்கள். வீட்டில் தினம் ஒரு தரம் கேட்க வேண்டும், பாதியில் எழுந்து ஓடக் கூடாது. இன்னொரு பக்கம், எதையெல்லாம் கண்டு ஒதுங்குகிறாரோ அதையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதி, லேசானதிலிருந்து ஒவ்வொன்றாக எதிர்கொள்ள வேண்டும். இதயம் தானாக இறங்கும்வரை அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இதனால் ரத்த அழுத்தமும் இறங்குமா என்று கேட்டேன். "இறங்கும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். இறங்கலாம். மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர். பொய் சொல்லாததால் அன்றைக்குத்தான் அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

பட்டியலில் முதலில் இருந்தது குக்கர்.

போட்ட சட்டத்தை நானே வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. எட்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். முதல் வாரம் கடைசி வீட்டுக் குக்கர் மட்டும் விசில் அடிக்கலாம். அடுத்த வாரம் மாடி வீடு. அதற்கடுத்து எதிர் வீடு. கடைசியில் எங்கள் வீடு. எதிர் வீட்டு அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இந்த நாளுக்குத்தான்டி கடலைய ஊறப் போட்டுட்டு உக்காந்திருக்கேன்" என்றார். அவர் முறை வந்த சாயங்காலம் அந்தக் குக்கர் ஏழு விசில் அடித்தது. இவர் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். நூற்று முப்பது. பத்து நிமிஷம் கழித்து நூற்று இருபத்திரண்டு. இருபது நிமிஷத்தில் நூற்றுப் பத்து. எழுந்து போக விடவில்லை. அரை மணியில் நூற்று இரண்டு. அக்கா வாசலில் நின்று, "இன்னும் ரெண்டு விடட்டுமா?" என்று கேட்டார். இவர் சிரித்தார். இரண்டு வருஷத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் டேப் சிரிப்புக்கு இடம் கொடுக்கவில்லை. பெண்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, அவருக்கு மதிய ஷிஃப்ட் உள்ள நாட்களில், உள்ளறையில் உட்கார்ந்து கேட்பார். நான் அடுப்படியில் இருப்பேன். டாக்டர் என்னைக் கேட்கச் சொல்லவில்லை, கேட்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது டேப்பில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"கீழே அவன் குனிஞ்சு நிக்கறான். கையைத் தூக்கல. நான் அவசரப்பட்டுட்டேன். சிக்னல் வர்றதுக்கு முன்னாலயே லீவர இழுத்துட்டேன்."

என் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது. நண்பர் சிக்னல் கொடுத்தாரே! விசாரணையில் வெள்ளானூர்க்காரர் கண்ணால் பார்த்ததைச் சொன்னாரே. ஷாப் முழுக்கத் தெரியும். குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும். எனக்குத் தெரியும். எதிர் வீட்டு அக்காவுக்குக்கூடத் தெரியும். இவருக்கு மட்டும் தெரியாது. இவர் தன் வாக்குமூலத்தை வீட்டில் படுக்கையிலிருந்து கொடுத்தவர். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. குற்றமில்லை என்று எழுதியதை இரக்கப்பட்டு எழுதியதாக நினைத்துக்கொண்டார். சொல்ல வந்தவர்களை எல்லாம் வாசலில் நிறுத்தி, மழையைப் பற்றிப் பேசச் சொன்னவள் நான்.

அந்த நிமிஷம் என்னை நான் வெறுத்த மாதிரி யாரையும் வெறுத்ததில்லை.

உள்ளே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்ப மாட்டார், பெண்டாட்டி சமாதானம் சொல்கிறாள் என்பார். மறுநாள் காலையில் பஸ் பிடித்து வெள்ளானூர் போய் அவரைக் கையோடு கூட்டிவந்தேன். வாசலில் அவர் வழக்கம்போல நின்று, "இன்னா அண்ணி, மழை பத்திதான பேசணும்?" என்றார்.

"இல்லப்பா. அன்னிக்கு நடந்தத பேசு. எல்லாத்தையும் பேசு."

அவர் என் வீட்டுக்காரருக்கு எதிரில் உட்கார்ந்தார். டேப்பில் சொன்னது என் காதில் விழுந்தது என்று என் வீட்டுக்காரரிடம் ஒப்புக்கொண்டேன். பிறகு வெள்ளானூர்க்காரர் பக்கம் திரும்பி, "இவர் சிநேகிதர் சிக்னல் குடுத்தாரா இல்லையா, சொல்லு" என்றேன்.

வெள்ளானூர்க்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாண்ணா இது? உனுக்குத் தெரியாதா? நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். கொக்கிய மாட்டிட்டு நிமிந்தான். கைய மேல தூக்கி ரெண்டு வாட்டி காட்டினான். அப்பாலதான் நீ தூக்கினே. அவன் ஒதுங்கறதுக்குள்ள சங்கிலி அறுந்து பூட்ச்சு. ரெண்டு வர்சமா நீ இத்த நென்ச்சுகினா ஊட்டுல உக்காந்துகினு கீறே?"

"நீ பாத்தியா? உன் கண்ணால?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"என் புள்ளைங்க மேல சத்தியமா, அண்ணா."

என் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் அழுபவர். அன்றைக்கு வாய்விட்டு அழுதார். வெள்ளானூர்க்காரரும் அழுதார். நான் அடுப்படிக்குப் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். பிறகு மூவரும் காபி குடித்தோம். நண்பரைப் பற்றி, அவர் மற்றவர்களின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து மீனைத் திருடும் கதை, கிரேன் கேபினுக்குக் கீழிருந்து விசிலடித்தே பேசும் கதை, எல்லாம் பேசினோம். அவர் பெயரை எங்கள் வீட்டில் இரண்டு வருஷத்துக்குப் பிறகு சத்தமாகச் சொன்னோம்.

டாக்டரிடம் அடுத்த வாரம் நடந்ததைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். "நீங்க கெட்டது செய்யணும்னு செய்யல. இப்ப டேப்ப மறுபடி பதிவு பண்ணலாம்" என்றார். புது டேப்பில் நண்பர் நிமிர்ந்து கையைத் தூக்கினார். அதற்காக எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அடுத்த இரண்டு வாரம் இன்னும் மோசமாகக்கூட இருந்தது. சங்கு ஊதும் நேரம் ரேடியோ போடாமல் உட்காரப் பழகியது, ஷாப் வாசல்வரை போய்த் திரும்பியது, உள்ளே பத்து நிமிஷம் நின்றது என்று பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார். என் நோட்டில் தொண்ணூற்றாறு வந்தது. தொண்ணூறு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் எண்பத்து நான்கு வந்தது. எண்ணியது தப்போ என்று மூன்று தரம் எண்ணினேன். இதய டாக்டர் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு இரண்டு மாத்திரையில் ஒன்றை நிறுத்தினார். மனநல சிகிச்சையால்தானா என்று கேட்டதற்கு, "ஒருத்தர வெச்சு எப்படிச் சொல்றது? ஆனா இந்த இதயம் இப்ப ஓய்வு எடுக்குது, அது எனக்குப் போதும்" என்றார்.

பட்டியலில் கடைசியாக ஒன்றே ஒன்று மிச்சம். கிரேன் ஏறுவது.

ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் குடும்பங்களைத் தொழிற்சாலைக்குள் விடுவார்கள். இந்து, வேதக்காரர், முஸ்லிம் என்று குவார்ட்டர்ஸே திரண்டு போகும். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், மாலை, வாழைக்கன்று. எங்களுக்கும் பொரியும் சுண்டலும் உண்டு. அந்த வருஷம் என் பெண்களை எதிர் வீட்டு அக்காவோடு முன்னால் அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் அந்த ஷாப்புக்குப் போனோம். வெள்ளானூர்க்காரர் காத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில், தரையில் எந்த அடையாளமும் இல்லாத அந்த இடத்தில், என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் நின்றார். சிலுவை போட்டுக்கொண்டார். இப்போது கிரேன் ஓட்டுபவர் வந்து, ஒரு சாமந்தி மாலையை நீட்டி, "அண்ணே, உங்க வண்டி. நீங்களே போட்டுடுங்க" என்றார்.

மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். செங்குத்தான இரும்பு ஏணி. பாதியில் நின்றார். வெள்ளானூர்க்காரர் கீழேயிருந்து, "ஏறுண்ணா, நான் கீறேன்" என்றார். ஏறினார். கேபினுக்குள் போய் மாலையைக் கட்டினார். கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். வெள்ளானூர்க்காரர் கையை மேலே தூக்கிக் காட்டினார். இவரும் கையைத் தூக்கினார். ஷாப்பில் நின்ற அத்தனை பேரும் கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று.

இறங்கி வந்தவர், நான் கேட்கும் முன்பே மணிக்கட்டை நீட்டினார். நூற்று இருபத்தெட்டு. அது பரவாயில்லை, செங்குத்து ஏணி ஏறியவருக்கு யாருக்கும் அவ்வளவு வரும். இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்தோம். யாரோ கொடுத்த பொரியை அவர் ஒரு கையால் சாப்பிட்டார், இன்னொரு கை என்னிடம் இருந்தது. இரண்டு நிமிஷம், நூற்றுப் பத்து. நாலு நிமிஷம், தொண்ணூற்றாறு. நடுவில் எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். முழு நிமிஷம்.

"எண்பத்திரண்டு!" என்று கத்தினேன். கூரைவரை எதிரொலித்தது. ஷாப்பில் இருந்தவர்கள் எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவர் மட்டும் திடுக்கிடவில்லை.

"எதுக்கு இப்படிக் கத்துற? பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்" என்றார், பொரியை மென்றுகொண்டே.